எதுகைக்கு வந்த பூ

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அமுது கொடுப்பார்கள். வந்தவர்களின் கையில் ஒரு நினைவு மலரும் கொடுக்க வேண்டும். முன்பக்கம் படம், உள்ளே தேவாரம், நடுப்பக்கத்தில் செத்தவரைப் பற்றிய கல்வெட்டுப் பாட்டு. பந்தி வைப்பதற்கு முன் யாராவது எழுந்து நின்று அந்தப் பாட்டை ராகத்தோடு வாசிப்பார். பிறகுதான் சாப்பாடு.

ஆரையம்பதியில் வினாயகமூர்த்தி அண்ணனின் அச்சகத்துக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பாட்டை எழுதிக் கொடுக்கிறவர் நேசமலர் அக்கா. நான் அதே அச்சகத்தில் கொம்பியூட்டரில் எழுத்தடிக்கிறவன். அவர் முன்பு சட்டை தைத்தவர். கவிஞர் என்று யாராவது சொன்னால் சிரிப்பார். பேப்பர் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, வந்த ஆட்களிடம் வயது, தொழில், பிள்ளைகள் எல்லாம் கேட்பார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பாட்டு வந்துவிடும்.

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. குடும்பத் தலைவர் என்றால் விளக்கு. தாய் என்றால் நிலா. கலியாணம் முடிக்காத பெண்பிள்ளை என்றால் ஏதாவது ஒரு பூ. குழந்தை என்றால் மொட்டு. வெளிநாட்டில் செத்தவர் என்றால் பறவை.

ஒருமுறை கிரானிலிருந்து ஒருவர் வந்து, "எங்கட அப்பாவுக்கு ஆலமரம் போடுங்க கா," என்றார்.

"வயல் எத்தின ஏக்கர் மனே?"

"ரெண்டு."

"ரெண்டு ஏக்கருக்கு விளக்குத்தான் வரும்."

தகப்பனைப் பறிகொடுத்து வந்தவர், அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். "சரி, கொஞ்சம் பெரிய விளக்காப் போடுங்க."

எனக்கு இதையெல்லாம் அடிக்கக் கூச்சமாக இருக்கும். நான் மேசைக்குக் கீழே சிற்றிதழ்களை வைத்து வாசிக்கிறவன். நான் வாசித்த கவிதைகளில் விளக்கு அணைந்தே பல வருடம். குறியீடு என்றால் அது ஒருமுறைதான் பிறக்க வேண்டும், இரண்டாம் முறை வந்தால் அது பிணம் என்று நம்பியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்.

"அக்கா, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மொட்டுத்தானா?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "செத்த புள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் மனே கிடக்கும்," என்றார்.

அவர் போன பிறகுதான் வினாயகமூர்த்தி அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா தூங்கிக்கொண்டிருந்த மகளை வீட்டில் விட்டு, வெளியே கதவுக் கொழுக்கியைப் போட்டுவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போயிருக்கிறார். புருசன் கட்டாரில். வீடு கடற்கரைப் பக்கம். மகளுக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளையின் மலருக்கு அக்காவே எழுதிக் கொடுத்தாராம். அதுதான் அவர் எழுதிய முதல் பாட்டு. அண்ணன் அதைப் பார்க்காமலே சொன்னார்:

கொழுக்கியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.
நீ எழும்பிக் கதவைத் தட்டியிருப்பாய்.
கதவு நல்ல கதவு, மகளே.
முதிரைக் கதவு.

முதிரை இலேசில் உடைகிற மரம் இல்லை. எத்தனையோ புத்தகங்களில் தேடியது, ஓர் அச்சகக்காரரின் வாயிலிருந்து வந்து என் நெஞ்சில் இடித்தது. அமுதன்று அதை வாசிக்க எழும்பிய அக்காவின் தம்பி மூன்றாம் வரியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். இலையில் போட்ட சோற்றை ஒருவரும் தொடவில்லை.

இதை நான் தெரிந்துகொண்டேன் என்று அக்காவுக்குத் தெரிந்ததும் அவராகவே ஒருநாள் சொன்னார்: "மொட்டு எண்டு போட்டா ஆக்கள் அழுதுபோட்டுச் சாப்பிடுவாங்க. நேரா எழுதினா ஒருத்தரும் சாப்பிடமாட்டாங்க. அமுது சாப்பிடாமப் போனா செத்த ஆளுக்குச் சேராது மனே."

அதற்குப் பிறகு அவருடைய விளக்கையும் நிலாவையும் நான் வாய் பேசாமல் அடித்தேன்.

யுத்தம் முடிந்த வருடம், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆச்சிப்பிள்ளை என்ற ஒரு தாய் வந்தார். கூட மகன் பிரதீஸ், மேசன் வேலை செய்கிற பொடியன். மகள் நிரோஜினிக்கு மலர் அடிக்க வேண்டும். ரியூசனுக்குப் போன பிள்ளையை இயக்கம் வழியில் வைத்துக் கொண்டுபோய்விட்டது. பிறகு ஒரு தகவலும் இல்லை. இப்போது வவுனியா அகதி முகாமிலிருந்து திரும்பிய ஒருத்தி, நிரோஜினி தன் கண் முன்னால்தான் செத்தாள் என்று சொல்லியிருக்கிறாள். உடம்பு இல்லை, தேதி இல்லை. செய்தி வந்த நாளைச் செத்த நாளாக வைத்து முப்பத்தொன்று எண்ணுகிறார்கள். படம் என்று இருந்தது, கழுத்தில் ரை கட்டிய பள்ளிக்கூடப் படம் ஒன்றுதான்.

"எப்பிடிச் செத்தது எண்டு போடேலாது," என்றார் வினாயகமூர்த்தி அண்ணன். "அகால மரணம் எண்டு விடுவம். பாட்டில ஒரு பூவப் போட்டு முடி நேசமலர்."

"புள்ளைக்கு என்ன பூ கா விருப்பம்?" அக்கா வழமையாகக் கேட்கும் கேள்விதான். எந்தப் பதில் வந்தாலும் மல்லிகையோ ரோசாவோதான் போடுவார்.

"எங்கட வேலியில கார்த்திகைப்பூக் கொடி படர்ந்து கிடந்த. அதப் புடுங்கித் தலையில வச்சுக்கொண்டு திரிவாள். கிழங்கு நஞ்சுடி, தொடாத எண்டு எத்தின அடி அடிச்சிருப்பன். கேக்கமாட்டாள். காது ரெண்டுலயும் தொங்கவிட்டுக்கொண்டு, 'அம்மா, நான் கலியாணப் பொம்பிள' எண்டுவாள்." ஆச்சிப்பிள்ளை கொஞ்சம் சிரித்தார். "சண்டைக்குள்ள நாங்க இடம்பெயர்ந்து திரும்பி வந்து பாத்தா, வேலியும் இல்ல, கொடியும் இல்ல. எல்லாம் கரி."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு அவர் காதுக்குள் சொன்னார்: "இந்தப் பூ வேணாம். இது இயக்கத்தின்ட பூ எண்டு ஊருக்கே தெரியும். ரோசாவப் போடு."

"அவவின்ட வேலியில ரோசா நிக்கல்லையே அண்ணே."

அவர் தன் கணக்கை மீறி எழுதியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பார்த்திருந்த வாசலிலே பொழுதும் போச்சு
கார்த்திகைப்பூ பூத்தவேலி கரியாய்ப் போச்சு
சேர்த்துவைத்த சட்டையெல்லாம் சும்மா ஆச்சு
வார்த்தையொன்றும் வாராமல் வாயும் போச்சு

அடிக்கும்போதே எனக்குப் புரிந்தது. இதில் குறியீடு ஒன்றும் இல்லை. வாசலில் பார்த்திருந்தது நடந்தது. வேலி எரிந்தது நடந்தது. மகளின் பள்ளிக்கூடச் சட்டைகள் பெட்டியில் கிடந்தன. ஒவ்வொரு வரியும் அந்தத் தாய் சொன்னதுதான். ஒப்புப் பார்க்க ஒரு பிரதியை ஆச்சிப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினோம். பிழை இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். அச்சடித்து முடிந்ததும் பிரதீஸ் வந்து பொதியைக் கட்டிக்கொண்டு மண்முனைத் துறைக்குப் போனான்.

துறையடி இராணுவக் காவலில் பொதியை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். அவன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த நாள் காலை ஜீப் ஒன்று அச்சகத்துக்கு வந்தது. பழைய மலர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, எழுதிய ஆளும் அடித்த ஆளும் இராணுவ முகாமுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் பிறசர் ஏறிப் படுத்துவிட்டார். அக்காவும் நானும் போனோம்.

ஒரு தகரக் கொட்டகை. வாங்குப் பலகையில் ஆச்சிப்பிள்ளை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். அவர் பார்வை படுகிற தூரத்தில், வெளியே மரத்தடியில், பிரதீஸ் நிலத்தில் இருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் மேசையில் மலர்களை அடுக்கி வைத்திருந்தார். அவர் பேசியது எங்கள் பேச்சுத் தமிழ் இல்லை, வகுப்பில் படித்த தமிழ்.

"இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கினால் அந்தப் பையன் போகலாம்," என்றார். "விளங்காவிட்டால் போக முடியாது."

முதலில் பழைய மலர்களைப் புரட்டினார்.

"விளக்கு. இது யார்?"

"அப்பா, சேர்."

"எல்லா அப்பாவும் விளக்கா?"

"காணி இருந்தா ஆலமரம், சேர்."

"இந்தப் பறவை எங்கே போகிறது? இந்தியாவுக்கா?"

"அவர் கனடாவில செத்தவர் சேர். முதல்லயே போயிட்டார்."

வாசலில் நின்ற ஒருவன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. நிரோஜினியின் மலரை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தார்.

"பெண்பிள்ளைகளுக்கு மல்லிகை, ரோசா, தாமரை. எல்லாவற்றையும் வாசித்தேன். கார்த்திகைப்பூ இதில் மட்டும்தான். ஏன்?" அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "நானும் பள்ளிக்கூடத்தில் கவிதை படித்தேன், சிங்களத்தில். எங்கள் ஆசிரியர் சொல்வார், கவிதையில் பூ வந்தால் அது பூ இல்லை, வேறு ஒன்று. அது என்ன என்று தெரியாதவனுக்கு வாசிக்கத் தெரியாது. இப்போது சொல்லுங்கள். இந்தப் பூ என்ன?"

இதே வார்த்தையை நான் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் அச்சகத்திலிருந்து போன ஒரு பாட்டை இப்படி வரிவரியாக, சொல் சொல்லாக ஒருவர் வாசித்து நான் பார்த்ததில்லை. அப்படி வாசித்த முதல் ஆள், வெளியே ஒரு பொடியனை மரத்தடியில் இருத்திவிட்டு வாசிக்கிறார்.

"வேலி கரியாகப் போனது. யார் எரித்தது?"

"வெயில், சேர்."

"வெயில் வேலியை எரிக்குமா?"

"கிளுவை வேலி காஞ்சா கரிமாதிரித்தான் கிடக்கும் சேர்."

அக்கா உள்ளதைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். 'அது அவங்கட...' என்று தொடங்கவும் செய்தார். அப்படியே நிறுத்திவிட்டு மரத்தடியைப் பார்த்தார். அந்தப் பூ அந்தப் பிள்ளையின் பூ என்று சொன்னால், அந்தப் பிள்ளை யார், எங்கே செத்தாள் என்ற கேள்விதான் அடுத்தது. அதற்குப் பதில் சொன்னால் பிரதீஸ் அந்த இடத்தை விட்டு எழும்பமாட்டான்.

"எதுகைக்குப் போட்டது சேர்," என்றார்.

"அது என்ன?"

"முதல் வரி பார்த்து எண்டு தொடங்கினா மற்ற வரியும் அந்தச் சத்தத்திலதான் தொடங்கோணும்." மேசையில் விரலால் தட்டித் தட்டி நாலு வரியையும் பாடிக் காட்டினார். "பார்த்து, கார்த்திகை, சேர்த்து, வார்த்தை. வேற சொல் கிடைக்கல்ல. சத்தத்துக்கு வந்த பூ. பொருள் ஒண்டும் இல்ல."

அதிகாரி தானும் விரல் வைத்துத் தட்டிப் பார்த்தார். "பார்த்து... கார்த்தி... சேர்த்து..." அவர் முகத்தில் கோபம் வரவில்லை. பரிசு விழாத சீட்டைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"அப்படியானால் அந்தப் பிள்ளையைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையா?"

"இல்ல சேர். இது எந்தப் புள்ளைக்கும் பொருந்தும்."

ஆச்சிப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, மகளுக்கு இந்தப் பூ விருப்பமா?"

கொட்டகைத் தகரம் வெயிலில் சடசடத்தது. ஆச்சிப்பிள்ளை மகனைப் பார்த்தார்.

"அவளுக்குப் பூவே பிடிக்காது."

"உங்கள் வேலியில் நின்றதா?"

"கிளுவைதான் நிண்ட."

"தலையில் வைப்பாளா?"

"வைக்கமாட்டாள்." அதோடு விட்டிருக்கலாம். கேட்காததையும் சொல்லிக்கொண்டு போனார். "கெட்ட புள்ள ஐயா. சொல்வழி கேக்காதவள். அவளுக்கெண்டு ஒரு விருப்பமும் இருக்கல்ல."

நான் நிலத்தைப் பார்த்தேன். பார்க்க வேறு இடம் இருக்கவில்லை.

பிரதீஸை விட்டார்கள். விடும்போது அதிகாரி அக்காவிடம் மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாகச் சொன்னார்: "மாற்றி அடியுங்கள். அந்தப் பூ வேண்டாம். அமுதுக்கு எங்கள் ஆள் ஒருவர் வந்து கேட்பார். அந்தப் பாட்டு அங்கே கேட்டால் பையன் திரும்ப இங்கேதான்."

துறையடி வரைக்கும் நாலு பேரும் நடந்தோம். பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் படகு, அப்போதுதான் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. பிரதீஸ் முன்னால் போய்க் காவலில் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆச்சிப்பிள்ளை ஒரு புன்னை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, சேலை மடிப்புக்குள் கையை விட்டு நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்தார். நாங்கள் ஒப்புப் பார்க்கக் கொடுத்த பிரதி.

அதை மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் அந்த மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறார்.

"அமுதண்டைக்கு இத நான்தான் வாசிப்பன்," என்றார். "எனக்கு எழுத்துத் தெரியாது. பிரதீஸ் வாசிக்க வாசிக்கப் பாடமாக்கிட்டன். எண்டாலும் கையில புடிச்சுக்கொண்டு நிண்டு வாசிப்பன்."

"என்ன கதை கா இது!" அக்கா அவர் கையைப் பிடித்தார். "அங்க ஆள் வந்து நிப்பான். பிரதீஸத் திரும்பத் தூக்குவாங்க. கேட்டீங்கதானே?"

"கேட்டன். அங்க நான் பொய் சொன்னது இவனுக்காக. கெட்ட புள்ள எண்டு வாயால சொல்லிட்டன், பூவே பிடிக்காது எண்டிட்டன். அந்த வாயால இதையும் சொல்லோணும் கா. இல்லாட்டி அவள் எனக்கு என்ன சொல்லுவாள்?" பிறகு அக்காவின் முகத்தைத் துருவினார். "நீங்களும் பொய்தானே சொன்னீங்க? எதுகைக்குப் போட்டன் எண்டு?"

தாளைப் பறித்துப் பிரயோசனம் இல்லை. பாட்டு அவர் வாயில் இருந்தது. அக்கா காவலடியைப் பார்த்தார். பிரதீஸ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஒருவன் அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் பொய் சொல்லல்ல கா," என்றார். "எதுகைக்குத்தான் போட்டன்."

"நான் வேலியப் பத்திச் சொன்னனே. நீங்க அழுதீங்களே."

"வாற ஆக்கள் எல்லாரும் சொல்லுவாங்க. எல்லாருக்கும் அழுவன். அது என்ட தொழில்."

நான் அக்காவையே பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம் கூட அசையவில்லை. அந்த நாலு வரியும் எப்படி வந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்த எனக்கே, ஒரு கணம், சொல்வது உண்மையோ என்று வந்துவிட்டது.

ஆச்சிப்பிள்ளை தாளை விரித்தார். வாசிக்கத் தெரியாத கண்ணால் அதை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அப்ப நான் வேற ஆரோ பெத்த புள்ளைட பாட்டையா பாடமாக்கினன்?"

"ஓம்," என்றார் நேசமலர் அக்கா.

ஆச்சிப்பிள்ளை தாளைத் திரும்ப நாலாய் மடித்து அக்காவின் கையில் வைத்தார். "வச்சுக்கொள்ளுங்க. வேற ஆருக்கும் உதவும்." பிறகு பாதையில் ஏறி மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். படகு அக்கரையில் முட்டும் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அச்சகத்தில் வினாயகமூர்த்தி அண்ணன் எழுந்து இருந்தார். நடந்ததைக் கேட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு, "சரி, பொடியன் தப்பிட்டான். ரெண்டாம் வரிய மாத்து, கெதியா அடிப்பம்," என்றார். அக்கா பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தேநீர் வந்தது. அது ஆறி ஆடை படிந்தது.

"ஒரு வரிதானே நேசமலர்! நேர்த்தி எண்டு போடு. கீர்த்தி எண்டு போடு. ஒண்டும் வராட்டி மூர்த்தி எண்டு என்ட பேரையே போடன்!"

அக்கா பேனையை மூடினார். "மூண்டு வரியாவே அடிங்க அண்ணே."

"மூண்டு வரியில எங்க பாட்டு இருக்கு?"

"இருக்கட்டும்."

மூன்று வரியாகவே அடித்தோம்.

அமுது முடிந்து சில நாளில் பிரதீஸ் அச்சகத்துக்கு வந்தான். சொன்னபடி ஒரு ஆள் வந்து பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனானாம். பாட்டு வாசித்தது அவனுடைய மாமா. மூன்றாம் வரியை வாசித்துவிட்டு ராகத்தை இழுத்துக்கொண்டே, நாலாவது வரி எங்கே என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாராம். பின்பக்கத்தில் நன்றி நவிலல்தான் இருந்தது.

"அம்மா?" என்று கேட்டார் அக்கா.

"அம்மா அழல்ல கா," என்றான் அவன். "மாமா வாசிச்சு முடியுமட்டும் கறிச்சட்டியோட நிண்டு கேட்டா. முடிஞ்சதும் பக்கத்தில நிண்ட ஆக்களிட்ட, இது ஆர்ர புள்ளைட பாட்டு எண்டு கேட்டா."